பத்து ஆண்டுகள் கடிதம் எழுதியவர்களுக்கு

அன்புடையீர்,

ஈரானில் சிறைவைக்கப்பட்ட, அங்கே சிறுபான்மைச் சமயமான பஹாய் சமயத்தின் ஏழு தலைவர்களுக்காகக் கடிதம் எழுதிய, கையெழுத்து திரட்டிய, தூதரக வாசலில் பதாகையோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் இந்த நன்றி மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். 2018 டிசம்பரில், எழுவரில் கடைசியாக அஃபீப் நயீமி வெளியே வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் ஒரு வரியும் ஓடவில்லை. பிறகு 2022இல் வந்த செய்தி கையைக் கட்டிப்போட்டது.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியை அம்மாவுக்கு. ஏழு பெயர்களையும் வாசித்ததும், "இந்த மஹ்வஷ் சாபெத்தும் பள்ளிக்கூடம் நடத்தினவங்களாமே, அவங்களை எனக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பஹாய் என்பதற்காகவே பள்ளி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மஹ்வஷ். 2008 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். மற்ற அறுவரை மே மாதம். அம்மா கோடு போட்ட தாளில்தான் எழுதுவார். சிறை அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில்கூடக் கடுஞ்சொல் ஒன்று இருக்காது. "பாதியில கிழிச்சுப் போட்டுடக் கூடாதில்ல" என்பார். ஒருமுறை உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அதன் மேலிருந்த முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்தார். "அவ்வளவு தூரம் போயிருக்கே" என்று சொல்லி, அதே கடிதத்தைப் புது உறையில் போட்டு ஒட்டினார்.

நம் கடிதங்களைப் பாரசீக மொழியில் பெயர்த்துத் தந்த மாணவருக்கும் நன்றி. மிரட்டல்களுக்கு நடுவில் எழுவரின் வழக்கை எடுத்துக்கொண்ட ஈரானிய வழக்கறிஞர் ஷிரின் எபாடிக்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

"நாலு கையெழுத்துக்கு ஒரு அரசாங்கம் அசையுமா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்களும் உங்களில் உண்டு. நியாயமான கேள்விதான். நான் அறிந்த வரையில் சொல்கிறேன். 1979 புரட்சிக்குப் பின் 200க்கும் மேற்பட்ட பஹாய்கள் ஈரானில் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூனில் ஷிராஸ் நகரில் ஒரே இரவில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மோனா 17 வயதுப் பெண். குழந்தைகளுக்குச் சமய வகுப்பு எடுத்தது அவள்மீதான குற்றங்களில் ஒன்று. உலகம் கொதித்தது. ஐ.நா.வில் தீர்மானம்மேல் தீர்மானம் வந்தது. தூக்குகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் 1991இல் அரசு ஒரு ரகசிய ஆவணம் தயாரித்தது, 1993இல் ஐ.நா. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பஹாய்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காதே, வேலை கொடுக்காதே, முன்னேற விடாதே என்பதுதான் அதன் சாரம். கழுத்திலிருந்து கயிற்றை எடுத்து வாழ்க்கையைச் சுற்றிக் கட்டினார்கள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தூக்குமேடைக்குப் போகாமல் பிழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லவும் வாய் வராது.

எல்லா இடத்திலும் இந்த அளவுகூட நடக்கவில்லை. 2017இல் உலகமே பார்த்திருக்க மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். சூடானில் மதம் மாறியதாக மரண தண்டனை பெற்று, சிறையிலேயே பிள்ளை பெற்ற மரியம் இப்ராஹிம், உலகெங்கும் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு 2014இலேயே விடுதலையானார். அந்தச் சட்டம் போனதோ 2020இல், சூடான் மக்களே தெருவில் இறங்கி ஆட்சியை மாற்றிய பிறகு. வெளியிலிருந்து எழும் குரல் ஓர் ஆளைக் காப்பாற்றக்கூடும்; சட்டத்தை மாற்றுவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள்தான் என்று நினைக்கிறேன். அதுவரை அவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்குத்தான் நம் கடிதங்கள்.

எழுவருக்கு விதித்த 20 ஆண்டுத் தண்டனை பிறகு 10 ஆண்டாகக் குறைந்தது. அது நம்மால்தான் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அந்தப் பத்தாண்டையும் ஏறக்குறைய முழுதாகவே கழித்துவிட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

2022 ஜூலை இறுதியில் மஹ்வஷ் சாபெத்தையும், எழுவரில் இன்னொருவரான ஃபரிபா கமாலாபாதியையும் மறுபடி பிடித்தார்கள். மேலும் பத்தாண்டுத் தண்டனை. செய்தி வந்த அன்று உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"பழைய முகவரியேதானா, மாறிடுச்சா?" என்று கேட்டார்.

நன்றியுடன்,
உங்கள் கடிதங்களைத் தபாலில் சேர்த்தவன்