காஞ்சிபுரம் பட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கம்: ஆண்டுப் பொதுப் பேரவையில் செயலாளர் அளித்த அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தறியை நிறுத்திவிட்டு இங்கே வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த நெசவாளர்களுக்கு இப்பேரவை அஞ்சலி செலுத்துகிறது. அவர்களுள் இருவர், துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தூக்கி உருவம் எடுக்கும் ஜக்கார்டு பெட்டி பரவலாவதற்கு முன்பிருந்த அடைத் தறியில் கயிறு இழுத்துப் புட்டா (சிறு பூ உருவம்) எடுத்த அனுபவம் உடையவர்கள். அவர்கள் கைவசம் இருந்த பழைய கரை மாதிரிகளை அவர்களது குடும்பத்தார் சங்கத்தின் பார்வைக்குக் கொடுத்துள்ளனர். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ, வைரஊசி ஆகிய கரைகளைக் கிராப் தாளில் ஏற்றும் பணி நடந்து வருகிறது. ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பதற்கு உதவும் வகையில் இவ்வேலை முடிந்ததும் உறுப்பினர்கள் எவரும் கட்டணமின்றி அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வாண்டு செயற்குழுவின் கவனத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது, உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து கோக்கும் கோர்வைத் தறியின் நிலை. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க வேண்டுமானால், குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் (குறுக்கிழையிலும்) உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோத்து, பலகையை அடித்து, மிதியை மாற்றி, அடுத்த ஊடைக்குப் போக வேண்டும். இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஒரு கரையின் நாடாவை நெசவாளரே பார்த்துக்கொள்ள, மறு கரையின் நாடாவைத் தறியின் இன்னொரு பக்கம் அமர்ந்து துணையாள் தள்ளிவிட வேண்டும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் கரை சேரும் கோட்டில் இழைகள் கோத்துக்கொண்ட தடம் தெரியும். ஒரே ஊடை உடலிலும் கரையிலும் ஓடிய சேலையில் இந்தத் தடம் இராது, கரையின் நிறத்தில் உடலின் நிறமும் கலந்து மங்கியிருக்கும். கடையில் வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டியது நம் கடமை என்பதால், கண்காட்சி அரங்குகளில் சேலையின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் விரித்துக் காட்டும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

அந்தத் துணையாள் இன்று கிடைப்பதில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் சிறுவர்களே உட்கார்ந்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் பின் வந்த நடவடிக்கைகளும் அவர்களைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பின. அது மிகச் சரியான செயல் என்பதே இச்சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு. ஆனால் சிறுவன் எழுந்து போன இடத்தில் கூலி பெறும் பெரியவர் ஒருவரை உட்கார வைக்கும் ஏற்பாட்டை எவரும் செய்யவில்லை. சேலைக்கு ஒரு கூலி என்றே கணக்கு எழுதப்படுகிறது. துணையாளுக்குக் கொடுப்பது நெசவாளரின் கையிலிருந்து போகிறது. வீட்டுப் பெண்கள் அந்த இடத்தில் அமர்ந்தால் அதற்குத் தனியாக ஒன்றுமே இல்லை. இதனால் கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவில் ஓடும் சேலைக்குப் பலர் மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. நாள் முழுவதும் இருவர் உழைத்து ஒருவர் கூலியை வாங்கும் வேலையில் யாரால் நிலைக்க முடியும்?

2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் நெசவும் நெசவு சார்ந்த தொழில்களும் செய்வோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்றும் தெரிவிக்கிறது. நாடாவுக்குள் வைக்கும் இழையைத் தாராகச் சுற்றுவதும், பாவு (நீள இழைகள்) பிணைப்பதும், துணையாளாக அமர்ந்து கரை போடுவதும் யார் கை என்பதை நம் வீடுகளைப் பார்த்தாலே அறியலாம். எனவே கூலிச் சீட்டில் துணையாளின் கூலியைத் தனி வரியாக எழுதி, அதை அவர் பெயரிலேயே வழங்க வேண்டும் என்ற கோரிக்கை மனுவை இவ்வாண்டு உரிய அலுவலகங்களில் கொடுத்துள்ளோம். பதிலை எதிர்நோக்கியிருக்கிறோம்.

உடல் பாவோடு முந்திப் பாவை இணைக்கும் பேட்னிப் பயிற்சி பற்றி மனநிறைவோடு சொல்ல முடிகிறது. முந்தியின் நிறம் உடலின் நிறத்திலிருந்து மாறும்போது, ஊடையை மட்டும் மாற்றினால் போதாது, பாவையே மாற்ற வேண்டும். உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்திப் பாவின் இழையைச் சேர்த்து, இரண்டும் உடன் நிற்கச் சில ஊடைகளை அடித்து, பின்பு பழைய இழைகளை வெட்டி எடுக்க வேண்டும். உடலும் முந்தியும் கூடும் இடத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய தடிப்பு இதனால் வருவதே. ஆயிரக்கணக்கான இழைகளை இப்படிச் சேர்ப்பதற்கு வீட்டாரோடு அக்கம்பக்கத்தாரும் கூடி உட்கார வேண்டியிருக்கும். பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுத் தறியிலேயே இதை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இழை அறுந்தால் அவர் கோபிப்பதில்லை. கற்பவரின் கையை விலக்காமல், அந்தக் கை மேலேயே தம் கையை வைத்து இழையைப் பிடித்துக் காட்டுவார். கற்றுக்கொண்டவர்களில் பெண்களும் இருந்தது எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

மூலப்பொருள் பற்றிய முறையீடுகள் இவ்வாண்டும் வந்தன. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும் எடை போட்டுப் பட்டைக் கொடுத்து, எடை போட்டுச் சேலையை வாங்கும் இடங்களில் இந்தக் கழிவைச் சரியாக எழுதாததால் நெசவாளர் தலையில் பாக்கி விழுகிறது. சரிகையிலும் இதே நிலைதான். சிவப்புப் பட்டிழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதே அசல் சரிகை. மாற்று, அதாவது தூய்மை, குறைந்த சரிகையைக் கொடுத்துவிட்டு, சேலை கறுத்தால் நெய்தவரைக் கேட்பது முறையல்ல. பட்டும் சரிகையும் வாங்கும் அன்றே எடையையும் தரத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களை மீண்டும் வேண்டுகிறேன்.

காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டுகளாகின்றன. குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. முதலில் 22 ஆக இருந்த வகைகள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. சட்டம் இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறியின் பெயரில் விற்பனையாவதைக் கண்ட இடத்தில், ரசீதையும் துணியையும் சேர்த்துச் சங்கத்தில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆதாரம் இல்லாத புகாரால் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில், தரையில் குழி தோண்டி அமைத்த குழித்தறிகளில் நீர் ஊறிப் பல வீடுகளில் வேலை நின்றது. தெருவில் பாவு விரிக்கவும் வழியில்லை. வெயில் வரும்வரை காத்திருந்த நாட்களுக்கு எந்த வருமானமும் கிடைக்காததால், மழைக்கால உதவித்தொகை கேட்டுத் தனி மனு தயாரித்திருக்கிறோம். தறிக்குழியைச் சிமென்ட் பூசி உயர்த்திக்கொண்ட வீடுகளில் பாதிப்பு குறைவாக இருந்தது. இதைச் செய்ய விரும்புவோருக்குச் சங்கம் கொத்தனாரை ஏற்பாடு செய்து தரும். பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுக் கட்டுபவர்களும், அவற்றைத் தூக்கி இறக்கும் விழுது கட்டுபவர்களும் மிகச் சிலரே இருப்பதால், அவர்களின் வேலை நாட்களைத் தெருவாரியாகப் பிரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளோம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பேரவையின் ஒப்புதலுக்காக இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். துணையாளுக்குத் தனிக் கூலி கிடைக்கும்வரை, கோர்வைச் சேலைக்கான ஒப்பந்தம் பேசும் உறுப்பினர் எவரும் அந்தக் கூலியைச் சேர்க்காமல் விலை சொல்லக் கூடாது என்பது முதலாவது. தார் சுற்றுவோரையும் கரை போடுவோரையும் நெசவாளருக்குரிய அதே சந்தாவில், வாக்குரிமையோடு, சங்க உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டின் மீதும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சொல்லி, இன்றே முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்