எடை போடும்போது பெட்ரோலையும் ஊற்றிப் போடுங்கள்

மலைப் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். அடுத்த பருவத்து வண்டிகளை நீங்கள் அறிவித்ததும் என் கண் முதலில் தேடுவது எடையைத்தான். அங்கே பெரும்பாலும் இருப்பது உலர் எடை, அதாவது பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாத வண்டியின் எடை. அப்படி ஒரு வண்டியை யாரும் மலைக்குக் கொண்டுபோவதில்லை. 36 லிட்டர் டேங்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே 26 கிலோவுக்கு மேல், மற்றதையும் சேர்த்தால் 30 கிலோவைத் தாண்டிவிடும். நீங்களோ இரண்டு மூன்று கிலோ குறைத்ததைப் பெரிதாக விளம்பரம் செய்கிறீர்கள்.

எடையா முக்கியம், குதிரைசக்தி இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சக்தி வேண்டும்தான். 1,000 மீட்டர் ஏறினால் சாதாரண என்ஜின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. அதனால்தான் ஸ்கி-டூ நிறுவனம் தன் மலை வண்டியில் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்து, 8,000 அடி வரை 165 குதிரைசக்தி குறையாது என்றபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஆனால் வண்டி புதைந்துவிட்டால் குதிரைசக்தி உதவாது, த்ராட்டிலை அழுத்த அழுத்த, வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக் இன்னும் ஆழமாகக் குழி தோண்டும், அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் கனடாவின் ரெவல்ஸ்டோக் பக்கம் ஃபிரிஸ்பி ரிட்ஜில், மரங்களுக்கு நடுவே சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது என் வண்டி சறுக்கி ஒரு மரத்தடிப் பள்ளத்தில் விழுந்தது. இடுப்பளவு பனி. பனிச்சரிவுக்கென்று வைத்திருந்த மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, முன்னால் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, நண்பர் வண்டியின் முன்னாலிருக்கும் சறுக்குப் பலகையான ஸ்கியைப் பிடித்து இழுக்க நான் பின்பக்க பம்பரைத் தூக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கால் வைக்கும் ரன்னிங் போர்டிலும் சஸ்பென்ஷனுக்குள்ளும் உறைந்து ஒட்டியிருந்த பனியைத் தட்டி எடுத்த பிறகுதான் வண்டி அசையவே செய்தது. அந்த எடை எந்தப் பட்டியலிலும் கிடையாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடையைக் குறைக்கவும் சொல்லவில்லை. 165 அங்குல டிராக் 154-ஐ விடக் கனம்தான், ஆனால் ஆழமான பவுடரில், அதாவது இறுகாத புதுப் பனியில், வண்டியை மேலே மிதக்க வைப்பதும் அந்த நீளம்தான், அந்தக் கனத்தை மனதார ஏற்றுக்கொள்வேன். ஸ்கிகளைத் தாங்கும் முன்பக்கக் கம்பிகளை மெல்லியதாகச் செய்து, ஒரு மரக்கட்டையில் இடித்ததும் வளைந்துபோகிற மாதிரி கொடுத்தால் எப்படி இறங்கி வருவது? அப்புறம், அதே எடை மூக்கில் இருந்தால் வண்டியைச் சாய்க்கவே தோள் வலிக்கும், நடுவில் இருந்தால் சுலபமாகச் சாயும்.

மோட்டார்சைக்கிள் தயாரிப்பவர்கள் திரவங்கள் எல்லாம் ஊற்றிய எடையைப் போடுகிறார்களே, நீங்களும் போடுங்கள். எந்த டிராக், எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் சேர்த்தா சேர்க்காமலா, ஸ்கிகளின் மேல் எத்தனை கிலோ என்பதையும் சொல்லுங்கள். அதுவரை டீலரிடம் போனால், டேங்கை நிரப்பிவிட்டுப் பின்பக்க பம்பரை ஒருமுறை தூக்கிப் பார்க்க விடுங்கள் என்றுதான் கேட்பேன்.