டொரன்டோவில் நம்ம ஊர் மல்லி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசும்போதெல்லாம் "செடிக்குத் தண்ணி ஊத்துனியா" என்றுதான் முதலில் கேட்கிறாய், நான் பதில் சொல்வதற்குள் அப்பா போனை வாங்கிவிடுகிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊற்றவில்லை அம்மா. வேண்டுமென்றேதான் ஊற்றவில்லை.

திருமங்கலத்தில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பனிக்கே வரத்து குறைந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி விலை எங்கேயோ போய்விடுகிறது. இங்கே ஜனவரியில் சில ராத்திரி மைனஸ் 20 வரை இறங்கும். ராத்திரி 10 டிகிரியை நெருங்க ஆரம்பித்ததுமே, செப்டம்பர் கடைசியில், பால்கனியில் இருந்த மல்லி, கருவேப்பிலை, துளசி எல்லாவற்றையும் உள்ளே தூக்கி வைத்துவிட்டேன்.

உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, சூட்டுக்குக் குறைவில்லை. வெளிச்சம்தான் இல்லை. டிசம்பரில் பகலே 9 மணி நேரம்தான், சாயங்காலம் ஐந்து அடிப்பதற்குள் இருட்டிவிடும், செடியும் வளராமல் அப்படியே நின்றுவிடுகிறது, அந்த நேரத்தில் தினமும் ஊற்றினால் தண்ணீர் தொட்டியிலேயே தேங்கி வேர் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். அதுவும் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வருவதால் முதல் நாளே பிடித்து வைத்துவிடுவேன். உரம் வசந்தம் வரைக்கும் கிடையாது. எல்.இ.டி. விளக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன், தினம் 12 மணி நேரம் எரிகிறது (கரண்ட் பில் என்று அப்பா ஆரம்பிக்க வேண்டாம், ஒரு ட்யூப் லைட் அளவுதான்).

கருவேப்பிலை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. வீடியோவில் காட்டினால் செத்துப்போச்சு என்பாய். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சையாக ஈரமாக இருக்கிறது.

செடி விற்ற கடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் "கண்ணாடியிலை இலை முட்ட விடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார். உண்மைதான், ஜன்னல் கண்ணாடியில் பட்ட இலை குளிரில் கருகிவிடுகிறது. ஹீட்டர் காற்று வருவதும் ஜன்னலுக்கு அடியிலிருந்துதான், அது நேராகப் பட்டால் மொட்டு உதிரும், அதனால் இரண்டுக்கும் தள்ளி ஸ்டூலில் வைத்திருக்கிறேன். காய்ந்த காற்றுக்குச் சிவப்புச் சிலந்திப் பூச்சி வேறு வந்துவிடுகிறது, இலைக்கு அடியில் மெல்லிசாக நூல் தெரியும். வாரா வாரம் இலையைத் திருப்பிப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து துடைக்கிறேன். துளசி தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, விதை எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், நம்ம பக்கம் கார்த்திகையில் மல்லியைக் கவாத்து பண்ணுவார்களே, எவ்வளவு உயரம் விட்டு வெட்டுகிறார்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டுச் சொல். இங்கே மார்ச்சில் வெயில் திரும்பும்போது வெட்டலாம் என்றிருக்கிறேன். அப்பா வரும்போது பதியன் போட்ட கன்று எதுவும் கொண்டு வர வேண்டாம், மண்ணோடு செடி கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உன் மகள்