பாதியில் நின்ற கணித பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கொட்டாஞ்சேனையில் மகளின் குடும்பத்தோடு இருக்கிறேன்.

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கமெல்லாம் ஊரடங்கு போட்டிருந்தபோது எங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர், கைத்தொலைபேசி ஒன்று. டேட்டா போட்டால் மூன்று நாளில் முடிந்துவிடும். மூத்த பேத்திக்கு சாதாரண தரப் பரீட்சை வேறு. அவள் நம்பியிருந்தது அரச தொலைக்காட்சியில் தமிழில் வந்த பாடங்களைத்தான். நேரத்துக்குக் கொப்பியோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நாள் இருபடிச் சமன்பாடு. ஆசிரியர் காரணிப்படுத்திக் காட்டிவிட்டு, இரண்டாவது கணக்கைப் பலகையில் எழுதினார். அதோடு பாடத்தை வெட்டி, ஏதோ ஒரு திறப்பு விழாவை நேரடியாகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். விழா முடிந்த பிறகும் பாடம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "மேலிடத்து உத்தரவு, அம்மா" என்றார் ஒரு தம்பி, மரியாதையாகத்தான். அவரில் பிழையில்லை. பேத்தியின் கொப்பியில் அந்தக் கணக்கு இன்றைக்கும் பாதியில்தான் இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் அதன் தீர்ப்பைப் பற்றி அப்போது பெரிய பேச்சு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தது. நேயர்களும் தொலைபேசியில் பங்குபற்றலாம். 1995 பெப்ரவரியில் அதைத் திடீரென்று நிறுத்தினார்கள். அதில் பங்குபற்றிவந்த ஒரு நேயர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நிகழ்ச்சி தயாரிப்பாளர் அல்ல, கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர்! நீதியரசர் மார்க் பெர்ணாண்டோ எழுதிய தீர்ப்பில் அந்த நேயருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பங்குபற்றுகிற நேயருக்கும் அந்த உரிமை உண்டு என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் படித்தோம். அப்புறம் 1997இல், ஒளி, ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோதும், வானலைகளை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடியில் இல்லாமல் சுயாதீனமாக இருக்க வேண்டும் என்றுதான் அதே நீதிமன்றம் சொன்னது.

அரசாங்கம் கல்வி ஒலிபரப்பைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி போகிறதா, தமிழில் கலைச்சொற்கள் சரியா, சூத்திரம் பிழையாக எழுதிவிட்டால் திருத்தினார்களா என்று தேசிய கல்வி நிறுவகம் பார்க்கத்தான் வேண்டும். இன்னும் கண்டிப்பாகவே பார்க்கட்டும். ஆனால் பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது நிற்கும் என்பது அமைச்சர் ஒருவரின் நிகழ்ச்சிநிரலைப் பார்த்து முடிவாகக் கூடாது. அரச வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். அவர் விழாவைக் காட்டச் சொன்னால் "பாடம் போகிறது, முடியட்டும் சேர்" என்று சொல்லும் தைரியம் அந்தச் சபையில் யாருக்கு வரும்?

2016 முதல் தகவல் அறியும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் விண்ணப்பம் போட்டுப் பதில் வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும்.

சுயாதீன சபை வரும்வரை, வெட்டிய பாடத்தை இரண்டு நாளுக்குள் முதலிலிருந்து திரும்பப் போட வேண்டும் என்ற ஒரு விதியையாவது எழுத்தில் வையுங்கள். தமிழ்மொழிப் பாடங்களைப் பார்க்கும் குழுவில் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரும், எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து ஒரு தாயும் இருக்கட்டும். வசதியுள்ள பிள்ளை பாடம் நின்றால் ரியூசனுக்குப் போகும். எங்கள் தொடர்மாடியில் அப்படிப் போக முடியாத பிள்ளைகள்தான் அதிகம்.

பேத்தி 2021 மார்ச்சில் பரீட்சை எழுதிவிட்டாள். கணிதத்தில் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. இப்போது அவளுடைய தம்பியின் முறை வருகிறது. கல்வி ஒளிபரப்பின் தமிழ் நேர அட்டவணையை உங்கள் பத்திரிகை ஞாயிறுதோறும் வெளியிட முடியுமா? எந்தப் பாடம் வந்தது, எது வரவில்லை என்று நாங்கள் வீட்டிலிருந்தே குறித்து அனுப்புகிறோம்.

ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.