'30 வருட அனுபவம்' என்று போர்டு இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் ஒரு கிளினிக் வாசலில் டாக்டர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் '30 வருட அனுபவம்' என்று எழுதியிருக்கிறது. கூட்டமும் அங்கேதான். அடுத்த தெருவில் எம்.டி. முடித்து வந்த இளம் டாக்டர் சாயங்காலம் முழுக்க ஈ ஓட்டுகிறார். நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பதால் இரண்டு பேருடைய சீட்டும் என் கைக்கு வரும்.

குழந்தைக்குத் தண்ணீராகப் போகிறது என்று வந்தால் பெரிய டாக்டர் சீட்டில் ஆன்டிபயாடிக் சிரப், வாந்திக்கு ஒன்று, டானிக் ஒன்று என்று வரிசையாக இருக்கும், ஊசி ஏற்கெனவே போட்டிருப்பார். சின்ன டாக்டர் எழுதுவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் 14 நாளைக்கு ஜிங்க்கும்தான். அந்தச் சீட்டைக் கொண்டுவரும் அம்மாக்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இவ்வளவுதானாண்ணே? ஊசிகூடப் போடலையே" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2004இலேயே சேர்ந்து சொன்னது இந்த இரண்டைத்தான். மலத்தில் ரத்தம் போனால் விஷயம் வேறு, மற்றபடி குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. டானிக் விற்றால் எனக்கு லாபம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2005இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டரின் அனுபவத்துக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக அலசி ஒரு கட்டுரை வந்தது. 62 மதிப்பீடுகளில் 32இல், டாக்டரின் சர்வீஸ் கூடக்கூட எல்லா அளவுகோலிலும் சிகிச்சையின் தரம் இறங்கியிருந்தது. எல்லாவற்றிலும் ஏறியிருந்தது ஒரே ஒன்றில். 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த 65 வயது தாண்டிய நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 40 வயதுக்குக் கீழான டாக்டர்கள் பார்த்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10.8 சதவீதம், 60ஐத் தாண்டிய டாக்டர்கள் பார்த்தவர்களில் 12.1.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. இருதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்ளும் நோயாளிக்கு இருதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். 1999இல் பெரிய ஆய்வுகள் வந்தபின் அதே மாத்திரைதான் அந்த நோய்க்கு முக்கிய மருந்துகளில் ஒன்று. அதற்கு முன்னால் படித்து முடித்தவர் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை என்றால், அவருடைய அனுபவம் என்பது பழைய பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததுதானே?

அதற்காக மூத்தவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 2017 ஆய்விலேயே, நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டர்களிடம் வயதால் வித்தியாசமே தெரியவில்லை. ஆபரேஷன் விஷயத்தில் கணக்கு தலைகீழ், அடுத்த வருடம் அறுவை சிகிச்சை நிபுணர்களை வைத்துப் பார்த்தபோது வயது கூடியவர்களிடம்தான் இறப்பு கொஞ்சம் குறைவு. அதனால் கத்தி வைக்கிற இடத்தில் அனுபவத்தைத் தாராளமாகக் கேளுங்கள், அதுவும் "எத்தனை வருஷம்" என்று இல்லை, "இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க" என்று. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம்மவர்களுக்குப் பயம், கல்யாண மண்டபம் பிடிக்க நாலு இடத்தில் விசாரிப்பவர்கள்தான் நாம்.

சரி, டாக்டர்கள் புதிதாகப் படிக்கிறார்களா என்பதை யார் பார்ப்பது? 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு ஆறு மணி நேரம்! அதிலும் ஒரு பகுதி, மருந்து கம்பெனி செலவில் ஓட்டல் ஹாலில், பிரியாணிக்கு முன்னால் முடிந்துவிடும் கூட்டங்கள். பதிவு எண்ணை போர்டில் போடச் சொல்கிறோம், கடைசியாக எந்த வருடம் எந்தப் பயிற்சிக்குப் போனார் என்பதையும் அதன் கீழே போடச் சொன்னால் என்ன? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மனது வைத்தால், டாக்டரின் பதிவு எண்ணைத் தட்டினால் இந்த விவரமும் இணையத்தில் வருகிற மாதிரி செய்துவிடலாம். உங்கள் நிருபர்கள் இதைக் கவுன்சிலிடம் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்