மனன வசனப் பட்டியலை மூன்று மாதம் முந்தித் தாருங்கள்

திருகோணமலை மனன வசனப் போட்டிக் குழுவினருக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் தோத்திரம்.

போட்டியில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களின் இந்த ஆண்டுப் பட்டியல் கைக்கு வந்தபோது போட்டிக்கு 9 நாள்தான் இருந்தது. வசனங்களோ 40. மூதூர், சம்பூர்ப் பிள்ளைகளுக்கு அதுவும் பிந்தியே போய்ச் சேர்ந்தது. வட்ஸ்அப்பில் வந்த படத்தில் கடைசி வரிகள் வெட்டுப்பட்டிருந்தன. மேடையில் பிள்ளைகள் தடுமாறியதை, முன்வரிசையில் இருந்த உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே. பட்டியலை மூன்று மாதம் முந்தி, எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தாருங்கள்.

ஞாயிறு பாடசாலையில் நாங்கள் பழக்குவது ஐந்து பெட்டி முறை. 1970களில் செபஸ்தியான் லைட்னர் என்ற எழுத்தாளர் பரப்பியது. பிறிஸ்டல் போட்டில் வெட்டிய அட்டைகளும், தடுப்பு வைத்து ஐந்து தட்டாகப் பிரித்த ஒரு சப்பாத்துப் பெட்டியும் போதும். அட்டையின் முன்பக்கம் அதிகார எண்ணும் வசன எண்ணும், பின்பக்கம் வசனம். புது வசனம் முதலாம் தட்டில் இருக்கும். மறுநாள் பார்க்காமல் சொன்னால் இரண்டாம் தட்டுக்குப் போகும். அதன்பின் 2, 4, 8, 16 நாள் இடைவெளியில் கேட்பது; சரியாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அடுத்த தட்டுக்குப் போகும். ஒரு சொல் பிழைத்தாலும் அட்டை முதலாம் தட்டுக்கே திரும்பும். ஒருமுறையும் தவறாத வசனம்கூட முழுவதும் கடக்க 31 நாள் ஆகும். வாரம் 4 புது வசனம் என்று போனால் 40க்குப் பத்து வாரம். மீதி மூன்று வாரத்தில் கடைசி வசனங்களும் நாலாம் தட்டையாவது தாண்டிவிடும். ஒரு நாளைக்குச் சராசரி மூன்று அட்டைதான் வரும். தவறியவை சேர்ந்தாலும் பத்து நிமிட வேலை, ரியூசனுக்கு ஓடும் பிள்ளைக்கும் முடிந்தது. வசனத்தைச் சொல்லி எண்ணைக் கேட்கும் சுற்றுக்குத் தலைகீழாக இன்னோர் அட்டை வேண்டும். வசனம் தெரிந்த பிள்ளைக்கு எண்ணும் தானாக வரும் என்று எண்ணக்கூடாது.

நீங்கள் தெரிவுசெய்த சங்கீதம் 119:98-100 வரையுள்ள மூன்று வசனங்களையே எடுங்கள். கற்பனைகளால் சத்துருக்களிலும் ஞானம், சாட்சிகளால் போதித்தவர்களிலும் அறிவு, கட்டளைகளால் முதியோரிலும் ஞானம். மூன்றும் ஒரே வார்ப்பு. ஒரே கிழமையில் மூன்றையும் உள்ளே விட்டால் கற்பனை இருக்கிற இடத்தில் கட்டளை வந்து உட்காரும், சத்துருவின் இடத்தில் முதியோர் வந்து நிற்பார்கள். பிள்ளை சோம்பியதால் வருவதல்ல இது. ஒத்த வசனங்கள் ஒன்றையொன்று அழிக்கும். இதற்கு வழி, 98 நாலாம் தட்டை எட்டிய பிறகே 99ஐத் தொடங்குவது. அதற்கு 7 நாள். 99க்கு இன்னொரு 7, நூறாவதுக்கு இன்னொரு 7. இந்த மூன்றுக்கு மட்டும் மூன்று வாரம், ஐயா. நீங்கள் தந்தது 9 நாள். நடுவரோ ஒரு சொல் மாறினால் இரண்டு புள்ளி வெட்டினார்.

“எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள்” என்றீர்கள். கூட்டமாகச் சொல்லும்போது பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து அரை நொடி பிந்திச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். தனியே நிறுத்தினால் முதல் மூன்று சொல்லோடு நின்றுவிடும். ஒரே இருப்பில் நூறு தரம் வாசிப்பதும் அப்படித்தான். ஞாபகசக்தியை ஆராய்ந்த ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னில் சோதித்து எழுதிவிட்டார்: மூன்று நாளுக்குப் பரப்பிய 38 தடவை, ஒரே நாளில் செய்த 68 தடவைக்கு ஈடாக நின்றது.

பரிசுத்த ஆவியாகிய தேற்றரவாளன் நினைப்பூட்டுவார் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. யோவான் 14:26ஐ முழுக்க வாசித்தால், நினைப்பூட்டப்படுவது முன்பே சொல்லப்பட்டவை. ஒன்பது நாளில் உள்ளே போகாததை அவர் எங்கிருந்து எடுப்பார்? வெற்றிக் கேடயத்தில் பிரதம விருந்தினர் பெயரைப் பொறிக்க மட்டும் இரண்டு மாதம் முந்தியே கடைக்கு ஓடர் போகிறது. வசனத்துக்குத்தான் காலம் கிடைப்பதில்லை. போட்டி முடிந்து அடுத்த மாதம் அந்தக் கேடயம் வென்ற பிள்ளையிடமே வசனங்களைக் கேட்டுப் பாருங்களேன்.

கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். உங்கள் உழைப்பு எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தாழ்மையோடு திரும்பவும் கேட்கிறோம்: மூன்று மாதம் முந்தி. எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் பட்டியலின் தலைப்பிலேயே போடுங்கள். அட்டை எழுதிப் பழகிய பிறகு சொல் மாறினால் பிள்ளை இரண்டையும் கலந்து சொல்லும். இந்த ஆண்டு வசனங்களில் பத்தையாவது அடுத்த பட்டியலிலும் சேர்த்தால், பழைய அட்டைகளை யாரும் வீசமாட்டார்கள்.

பட்டியல் வரும் திகதியை இப்போதே அறிவியுங்கள். அட்டைகளை நாங்களே வெட்டி, மூதூருக்கும் சம்பூருக்கும் சேர்த்து அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.