ஹேவார்டு பிளவின் பாக்கிக் கணக்கு

அன்புள்ள முரளி,

பெண்ணுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சௌக்கியம்.

"உங்கள் ஊர் ஹேவார்டு பிளவு நடுக்கமே இல்லாமல் ஊர்கிறது என்கிறாயே, அழுத்தம் தானாகக் குறைந்துவிடாதா?" என்று கேட்டிருந்தாய். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையோரம், நிலத்தின் இரண்டு பாறைப் பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும் வெடிப்புதான் இந்தப் பிளவு. நீ பேங்க்காரன், கணக்காகவே சொல்கிறேன். பிளவின் இரு பக்கமும் வருடத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் பக்கவாட்டில் எதிரெதிராக நகர்ந்தாக வேண்டும். அது தவணை. தரையில் தெரியும் ஊர்தல் சராசரியாக 5 மில்லிமீட்டர்தான். அதுவும் மேல்பகுதி கட்டுவது. சில கிலோமீட்டர் ஆழத்தில் பெரும்பரப்பு இறுகிப் பூட்டிக் கிடக்கிறது, அங்கே ஒரு பைசா கட்டுவதில்லை. கடைசியாகக் கணக்குத் தீர்ந்தது 1868 அக்டோபர் 21ஆம் தேதி, சுமார் 6.8 அளவு நிலநடுக்கத்தில். பெருக்கிப் பார்: பூட்டிய இடத்தில் ஏறக்குறைய 1.4 மீட்டர் பாக்கி.

எது பூட்டியது, எது ஊர்வது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பிளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு ஊர்ந்தால் ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் ரேடாரும் காட்டும் நகர்வு வரும் என்று கணினியில் தேடுகிறோம். சனியன், நாலைந்து விடைகள் ஒரே அளவீட்டுக்குப் பொருந்தித் தொலைக்கும். அப்போது கைகொடுப்பவை ஆழத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் குட்டி நடுக்கங்கள். சுற்றிலும் பாறை ஊர, நடுவே ஒட்டிக்கொண்ட சின்னத் திட்டு விட்டு விட்டு உடைகிறது. அவை வரும் இடத்தில் ஊர்தல் உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

ஹேவார்டு நகரில் ரோஸ், ப்ராஸ்பெக்ட் தெருக்கள் சந்திக்கும் மூலையில் நடைபாதை விளிம்பு வருடாவருடம் விலகிக்கொண்டே போனது. 1970களிலிருந்து நிலவியல்காரர்கள் படம் எடுத்துவந்தார்கள், நானும் எடுத்திருக்கிறேன். 2016இல் சக்கர நாற்காலிக்குச் சரிவு போட வந்தவர்கள் அதைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள்! அவர்கள்மேல் தப்பில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

சரி, ஊர்வது நல்லதா? கொஞ்சம் நல்லதுதான். உடையக் காத்திருக்கும் பரப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் மிச்சமிருப்பதே 7க்கு நெருக்கமான நடுக்கத்துக்குப் போதும்.

வீட்டு அலமாரிகளைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டேன். அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு மட்டும் இன்னும் மேல்தட்டில் நிற்கிறது. கீழே இறக்கச் சொல்லி சாந்தா இரண்டு வருடமாகக் கத்துகிறாள்.

அன்புடன்,
ரகு